சூசைநாதன் பெயரில்

போனில் கடிகாரக் குழுவில் மூவார் ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்ததை பிலோமினா மூன்று தடவை படித்தாள். முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாவது தடவை உட்கார்ந்து, மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

‘அங்கிள் சூசை பார்த்து அனுப்பிய கடிகாரத்தின் டயல் அசல் இல்லை. மேலே வர்ணம் அடித்தது. படத்தில் ஒன்றைக் காட்டிக் கையில் வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். விற்ற கிழவியும் அங்கிளும் கூட்டு என்றுதான் நினைக்கிறேன். ஏழு மாதமாக இந்த அங்கிள் போனை எடுப்பதில்லை. குரல்கூட அனுப்புவதில்லை. யாராவது இவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஆள் உயிரோடு இருக்கிறாரா?’

கடைசி வரிக்குக் கீழே யாரோ சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னும் நாலு பேர்.

வெளியே இடி உருட்டியது. தைப்பிங்கில் மழை சொல்லிவிட்டு வரும். மலை மேல் கறுத்தால் பத்து நிமிடம், காற்று நின்றால் ஐந்து நிமிடம். பிலோமினா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துணி எடுத்தாள். மூன்று உருப்படிகள்தான். எடுத்து முடிப்பதற்குள் தகரக் கூரைமேல் சரளைக் கல் கொட்டுகிற மாதிரி மழை இறங்கிவிட்டது.

சூசைநாதன் இறந்து ஏழு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தது.

தைப்பிங் ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருடம் எக்ஸ்ரே எடுத்த மனிதர் அவர். அதே ஆஸ்பத்திரியின் தையல் அறையில் படுக்கை விரிப்பும் டாக்டர்களின் பச்சை அங்கியும் தைத்துக்கொண்டிருந்தவள் பிலோமினா. பிள்ளை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் பழைய கடிகாரங்களில் விழுந்தார். சேர்க்கிற புத்தி அவருக்குக் கிடையாது. பார்க்கிற புத்திதான். ஐம்பது அறுபது வருடத்துக் கடிகாரம் ஒன்று கையில் கிடைத்தால் பின்மூடியைத் திறந்து, உள்ளே எது பிறந்தபோதே இருந்தது, எது பின்னால் வந்து ஒட்டியது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பழைய கடிகாரப் பிரியர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே ஜொகூர் வரை பதினோராயிரம் பேர். விற்பவன் ஓரிடம், வாங்குபவன் ஓரிடம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அசல் என்று சொல்லிப் போலியை அனுப்பினார்கள். கடிகாரத்துக்குப் பதிலாகப் பொட்டலத்தில் ஆற்றுக் கூழாங்கல்லை வைத்து அனுப்பினவனும் உண்டு. வாங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நல்ல உறுப்பை உருவிக்கொண்டு, ‘பிடிக்கவில்லை’ என்று கூட்டைத் திருப்பி அனுப்புவார்கள். குழு கலைந்துபோகிற நிலைக்கு வந்தபோதுதான் சூசை ஒரு யோசனை சொன்னார். ‘விற்பவர் கடிகாரத்தை எனக்கு அனுப்பட்டும். நான் திறந்து பார்த்துப் படம் எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சம்மதமானால் வாங்குபவருக்கு நானே அனுப்பி வைக்கிறேன். கூலி வேண்டாம்.’

எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. குறைகளை முதலில் எழுதுவார். கண்ணாடியில் கீறல், முள்ளில் துரு, மாற்றிய சாவித் திருகி, எல்லாம் வரிசையாக வரும். நல்லதைப் பற்றிக் கடைசியில் அரை வரி. “நல்லத அவங்களே பாத்துக்குவாங்க பிலோ. கெட்டதத்தான் யாரும் சொல்ல மாட்டான்” என்பார். ஆறு வருடத்தில் ‘அங்கிள் சூசை பார்த்தது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை என்றாகிவிட்டது.

பிறகு சர்க்கரை அவர் கண்ணுக்குப் போனது. விழித்திரையில் இரத்தம் கசிந்து, முதலில் வலது கண், எட்டு மாதம் கழித்து இடதும் மங்கியது. அதை அவர் குழுவில் சொல்லவில்லை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியை பிலோமினாவிடம் கொடுத்தார்.

“எழுத்தோட ஓரத்தப் பாரு. மேடு மாரி நிக்குதா, ஊறிப்போன மாரி இருக்கா?”

“நிக்குதுங்க.”

“அப்ப அச்சு. அசல்தான். மூணு மணிகிட்ட?”

“ஒரு கோடு இருக்குங்க. முடியளவு.”

“கோடா, முடியா? ஊதிப் பாரு.”

ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பழகிய கை அவளுக்கு நடுங்கவில்லை. இப்படி இரண்டு வருடம். அவள் பார்க்கப் பார்க்கச் சொல்வாள், அவர் கேட்டுக் கேட்டு முடிவு சொல்வார், அவளே தட்டச்சு செய்து அவர் பெயரில் போடுவாள். நாற்பது வருடக் கல்யாணத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த இரண்டு வருடம்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை இரண்டு பொட்டலங்கள் வந்தன. கூரியர் பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பிலோமினா அவற்றை இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள், யாரோ நம்பி அனுப்பியதாயிற்றே, இந்த இரண்டை மட்டும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பார்த்தாள், படம் எடுத்தாள், குறைகளை முதலில் எழுதினாள். அவர் பெயரில் போட்டாள்.

போட்ட ஐந்தாவது நிமிடம் ஒரு பதில் வந்தது. ‘நன்றி அங்கிள். பத்து நாளா ஆளைக் காணோமே, உடம்பு எப்படி?’

ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதினாள். அதுதான் முதல் பொய். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் பின்னால் தானாக வந்தவை.

இப்போது மழை ஓலமிட்டுக்கொண்டிருந்தது. மூவார்க்காரர் சொன்ன கடிகாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கோலா செபாத்தாங்கில் கரிமூட்டச் சூளையில் வேலை செய்து இறந்துபோன ஒரு சீனருடையது. அவர் மனைவி கூய் லான் தானே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அந்த டயல் அசல். பிலோமினாவுக்கு அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. நிரூபிக்கவும் முடியும். ஒவ்வொரு கடிகாரத்தையும் திறந்ததிலிருந்து பெட்டியில் போட்டு ஒட்டும் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் படம் பிடித்து வைப்பது சூசையின் ஏற்பாடு. யாராவது கேட்டால் காட்டலாம். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பவை பிலோமினாவின் கைகள். இரண்டு வளையல், கல்யாண மோதிரம், பச்சை நரம்போடிய பெண் கை.

காட்டினால் அங்கிள் இல்லை என்று தெரியும். காட்டாவிட்டால் செத்துப்போன மனுசன் திருடன் ஆவார். கூடவே அந்தச் சீனத்தியும்.

நாலு நாள் கழித்துக் காலையில் ரொஹைமியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ரொஹைமி அந்தக் குழுவை நடத்துகிறவன். பாரிட் புந்தாரில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். நாற்பத்து நாலு வயது. ‘அங்கிள், கடிகாரத்தை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். வந்துவிட்டது. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்களே திறந்து காட்டுங்கள். அந்த ஆளின் வாயை அடைத்துவிடலாம். முகவரி பொட்டலத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.’

வேண்டாம் என்று எழுதி, அழித்து, காய்ச்சல் என்று எழுதி, அதையும் அழித்தாள். கடைசியில் ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் வந்தான். அவள் நினைத்ததைவிடக் கட்டையாக, முன்நெற்றி ஏறி, மழைச்சட்டையைக் கையில் மடித்துப் பிடித்திருந்தான். மோட்டார் சைக்கிளிலேயே வந்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைத்தான்.

“ஆன்ட்டிதானே? நான் ரொஹைமி. அங்கிள்கிட்ட சொல்லியிருந்தேன்.”

“தெரியும். உக்காரு.”

மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். அவன் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று முச்சந்தி மலாய்க்காரம்மா கடையிலிருந்து வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரிங் வாங்கி வைத்திருந்தாள். தட்டையும் தேநீரையும் அவன்முன் வைத்தாள். அவன் கண் வீட்டைச் சுற்றியது. சன்னலோர மேசை, விளக்கு, பஞ்சுப் பெட்டி, வரிசையாகத் திருப்புளிகள். சுவரில் சூசையின் படம். அதற்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அங்கிள் தூங்குறாரா?”

“இல்ல.”

“வெளிய போயிருக்காரா ஆன்ட்டி?”

“ரொஹைமி, அவரு போன மார்ச்சுல தவறிட்டாரு.”

அவன் முஸ்லிம்கள் வழக்கப்படி வாய்க்குள் ஏதோ ஓதினான். பிறகு விரல் விட்டு எண்ணுகிறவன்போல விரல்களைப் பார்த்தான்.

“மார்ச்சா? அக்டோபர் இது. போன வாரம் எனக்கு எழுதினாரே.”

“நான் எழுதினேன்.”

“கடிகாரம் பாத்தது?”

“நான்தான். அவரு இருக்கும்போதே ரெண்டு வருசமா நான்தான். அவருக்குக் கண்ணு போயிருச்சு. நான் பாத்துச் சொல்லுவேன், அவரு எழுதச் சொல்லுவாரு. போனதுக்கப்பறம் நானே எழுதினேன்.”

“கடிகாரம் கெடக்கட்டும் ஆன்ட்டி.” அவன் குரல் உயரவில்லை. தாழ்ந்துதான் போனது. “நான் அவருக்கு எழுதினதெல்லாம்?”

இந்தக் கேள்விக்குத்தான் பிலோமினா பயந்திருந்தாள். மே மாதத்தில் ரொஹைமியின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளந்தானில், பாசிர் மாஸில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதை அவன் தன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அங்கிளிடம் சொன்னான். முதலில் ஒரு வரி. பிறகு தினமும் ஒரு பக்கம். தான் மனைவியைச் சொன்ன வார்த்தை, ஓங்கிய கை, வீட்டில் யாருமில்லாமல் சோறு பொங்கி அப்படியே மூடி வைத்தது. காலையில் எழுந்து கோப்பி கலக்குமுன் பிலோமினா அதைத்தான் படிப்பாள். படித்துவிட்டு நாள் முழுக்க யோசித்துச் சாயந்திரம் பதில் போடுவாள்.

“எல்லாம் படிச்சேன்.”

“எல்லாம்னா?”

“எல்லாந்தான்.”

“பொம்பளைகிட்ட சொல்ற விசயமா அதெல்லாம்? எங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பேனா நானு?”

“சொல்லியிருக்க மாட்ட.”

“நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல. நான் அங்கிள் இல்லப்பான்னு ஒரு வார்த்தை.”

“எழுதியிருக்கலாம். எழுதினா நீ நிறுத்திருவன்னு இருந்துச்சு.”

அவன் எழுந்து வாசல்வரை போனான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. போக முடியாமல் அங்கேயே நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்:

“பாகான் செராய் கதை. அது யார் சொன்னது?”

அது ஜூனில் நடந்தது. ‘அங்கிள், ஆன்ட்டி உங்களிடம் கோபித்துக்கொண்டு எப்போதாவது போயிருக்கிறாரா?’ என்று அவன் கேட்டிருந்தான். பிலோமினா சூசைநாதனாக இருந்து பதில் எழுதினாள்: ‘ஒரு தடவை போனாள். பாகான் செராயில் அவள் அக்கா வீட்டுக்கு. பதினோரு நாள். நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிடாதது தப்பு. அவள் தானாகத் திரும்பி வந்தாள். அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. நீ போ.’

அந்த வாரமே ரொஹைமி பஸ் ஏறிக் கிளந்தான் போனான்.

“போனது நெசம்,” என்றாள் பிலோமினா. “பதினோரு நாளும் நெசம். அவரு வராததும் நெசம்.”

“தப்புன்னு அங்கிள் சொன்னது?”

“அவரு சொல்லல. அதப் பத்தி ஒரு நாளும் அவரு வாயத் தொறக்கல. திரும்பி வந்த அன்னிக்கு ‘தேத்தண்ணி இருக்கா’ன்னு கேட்டாரு, அவ்ளோதான். அவரு சொல்லியிருக்கணும்னு நான் நெனச்சத எழுதினேன்.”

ரொஹைமி திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்ததா, மழைச் சாரலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நானும் போனேன்தான். அவ வெளிய வரல. மாமியாதான் வாசல்ல நின்னு, ‘போன் பண்ணிட்டு வா’ன்னு சொல்லிக் கதவச் சாத்துச்சு. அதையும் உங்ககிட்டதான் எழுதினேன்.”

“ஆமா.”

“‘பொறுமையா இரு, மறுபடி போ’ன்னு எழுதினீங்க. அங்கிளே சொல்றாரேன்னு மறுபடியும் போனேன்.”



மழை குறைகிற மாதிரி இல்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பீசாங் கோரிங் ஆறிப்போய்க் கிடந்தது. தொடவில்லை.

“இதுக்கு என்ன சொல்றீங்க?”

“நான் சொல்றத நம்ப வேணாம். நீயே பாரு.”

விளக்கைப் போட்டாள். பின்மூடியைத் திருகித் திறந்து, இயந்திரத்தைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, மென்மையான திண்டின்மேல் வைத்தாள். கைகள் தாமாகவே வேலை செய்தன. கண்ணில் இடுக்கும் கண்ணாடியை அவனிடம் நீட்டினாள்.

“பக்கவாட்டுல ரெண்டு சின்னத் திருகாணி தெரியுதா? டயலுக்குப் பின்னால ரெண்டு காலு இருக்கும். அத இதுதான் புடிச்சிருக்கு. டயலக் கழட்டணும்னா இதத் தொடாம முடியாது. தல எப்படி இருக்கு?”

“பளபளன்னு. ஓரம் ஒண்ணு பேந்திருக்கு.”

“சரி. இப்ப இதப் பாரு.”

போனில் அந்தப் படத்தை ஓட்டினாள். ஆகஸ்டு பதினான்காம் தேதி எழுதிய சீட்டு. அதே கடிகாரம். வளையல் போட்ட கை அதைத் திருப்புகிறது. திருகாணிகளின் தலையில் ஐம்பது வருட எண்ணெய் கறுத்து இறுகிக் கிடந்தது. யாரும் தொட்டதில்லை. டயலில் நாலு மணிக்குப் பக்கத்தில் ஒரு மச்சம்போலப் புள்ளி. ரொஹைமி மேசைமேல் இருந்த டயலைப் பார்த்தான். புள்ளி இல்லை. படம் நிற்காமல் ஓடியது. கை கடிகாரத்தை மூடியது, பஞ்சில் வைத்தது, பெட்டியை ஒட்டியது, முகவரியை ஒட்டியது.

“எடுத்துட்டான். நல்ல டயல எடுத்துட்டு ஒரு குப்பையப் போட்டிருக்கான்,” என்றான் ரொஹைமி. பிறகு தலையைச் சாய்த்தான். “இதுல ஒரு குரல் கேக்குதே. தமிழா? யார்கிட்ட பேசுறீங்க?”

படத்தில் அவள் குரல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ‘கண்ணாடில ரெண்டு கீறல் இருக்குங்க.’ பிறகு கொஞ்சம் மௌனம். ‘இல்லைங்க, வெளிப்பக்கந்தான்.’ மறுபடி மௌனம். ‘நாலு மணிகிட்ட ஒரு புள்ளி. ஊதிப் பாத்தேன், போகல.’

“அவர்கிட்டதான்.”

“அங்கிள்தான் அப்ப இல்லியே.”

“ரெண்டு வருசம் சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு. சொல்லாம பாத்தா கண்ணு நிக்க மாட்டேங்குது.”

ரொஹைமி படத்தை நிறுத்தவில்லை. அந்த மௌனங்களைக் கடைசிவரை கேட்டான்.

“இதக் குழுவுல போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் ஆன்ட்டி.”

“தெரியட்டும். வெறும் படமாப் போட வேணாம். இப்பவே நேரா எல்லாரும் பாக்குற மாரி நீ புடி. நான் சொல்றேன்.”

“கைய மட்டும் எடுக்கவா?”

“மொகத்தையும் எடு.”

அவள் எழுந்து போய்த் தலையை வாரி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் போனைப் பிடித்தான். முதலில் நாற்பது பேர் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல முன்னூறு, அறுநூறு என்று ஏறியது. பிலோமினா கூட்டத்தின்முன் பேசிப் பழகாதவள். சூசை எழுதுகிற மாதிரியே குறைகளிலிருந்து ஆரம்பித்தாள்.

“என் பேரு பிலோமினா. சூசைநாதனோட மனைவி. அவரு மார்ச்சு மாசம் எறந்துட்டாரு. அத நான் உங்ககிட்ட சொல்லல. அதுக்கப்பறம் வந்த முப்பத்தெட்டு கடிகாரத்தையும் நான்தான் பாத்தேன். அவரு பேருல போட்டேன். அது தப்பு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் அவருக்குக் கண்ணு தெரியாது. அதையும் நாங்க சொல்லல. அதுவும் தப்பு. முப்பத்தெட்டுல யாருக்காவது சந்தேகம் இருந்தா திருப்பி அனுப்புங்க, மறுபடி பாக்குறேன். இப்ப இந்தக் கடிகாரத்துக்கு வரேன்.”

திருகாணிகளைக் காட்டினாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கூய் லானின் பெயரைச் சொல்லி, அந்தம்மாள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். மொத்தம் இருபது நிமிடம். முடிந்ததும் ரொஹைமி போனைப் பையில் போட்டான். மழை விட்டிருந்தது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, “வரேன் ஆன்ட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். தேநீர் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அன்று சாயந்திரமே மூவார்க்காரர் குழுவைவிட்டு ஓடிவிட்டார். நாலு நாள் கழித்து, பெயர் எழுதாத உறையில் அசல் டயல் ரொஹைமிக்கு வந்து சேர்ந்தது. கூய் லான் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இனி விற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் குழுவில் போட்டிருந்ததைப் படித்துத்தான் பிலோமினா தெரிந்துகொண்டாள். ரொஹைமி அவளுக்கு எழுதவில்லை.

மற்றவர்கள் எழுதினார்கள். சூசையின் அடக்கத்துக்கு வந்தது இருபத்தாறு பேர். அன்றைக்கும் மழை. சாமியார் ஜெபத்தைச் சுருக்கிவிட்டார். இப்போது அறுநூற்றுச் சொச்சம் பேர் ஏழு மாதம் தாமதமாக வந்து நின்றார்கள். அலோர் ஸ்டாரில் ஒருவர், ‘அங்கிள் சொன்ன ஒரு குறையால்தான் நான் ஏமாறாமல் தப்பித்தேன்’ என்றார். குவாந்தானில் ஒரு பெண், தன் அப்பாவின் கடிகாரத்தைப் பற்றி அங்கிள் எழுதியதை அச்செடுத்துச் சட்டம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். செத்தவர் பெயரில் எழுதுவது பாவம் என்றார்கள். பிலோமினா தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, திட்டியவர்களுக்கும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ‘நன்றி. பிலோமினா’ என்று எழுதினாள். ஆறு நாள் ஆயிற்று. எழுதி முடித்த அன்று மத்தியானம் நாற்காலியிலேயே அழுதாள். அடக்கத்தன்று வராத அழுகை அது.

முப்பத்தெட்டில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. புதிதாகவும் எதுவும் வரவில்லை. கோலாலம்பூரில் கடை வைத்திருக்கிற ஒரு படித்த கடிகாரக்காரரைக் கடிகாரம் பார்த்துச் சொல்கிறவராகக் குழு போட்டுக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை, நியாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூரியர் வண்டி தெருவில் நுழைகிற சத்தம் கேட்டால் கை ஈரத்தைத் துடைத்துக்கொள்வாள். வண்டி நாலாவது வீட்டில் நிற்கும். அங்கே ஒரு பெண் துணிமணி வரவழைத்துக்கொண்டே இருந்தாள்.

காலைகள்தான் சிரமமாக இருந்தன. கோப்பி கலக்குமுன் படிக்க ஒன்றுமில்லை. ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து சூசையின் சொந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்க்கலாமென்று எடுத்தாள். ‘கண்ணாடில’ என்று ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் மூடி வைத்துவிட்டாள்.

நவம்பர் போய் டிசம்பர் வந்தது. மழை மாதம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து குடையை வாசலில் விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரொஹைமி மழைச்சட்டையோடு இறங்கினான்.

“பசியாறிட்டியா?” என்றாள். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

“ஆச்சு ஆன்ட்டி. தேத்தண்ணி மட்டும் குடுங்க.”

இரண்டு கோப்பையில் கொண்டுவந்தாள். அவன் குடித்தான்.

“பிள்ளைங்க?”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போனுல பேசுதுங்க. சின்னது பல்லு விழுந்திருச்சுன்னு காட்டுச்சு. அவ பேசல. ஆனா போனப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது அவதான். கை தெரியுது.”

“ம்.”

“நான் கோவமாத்தான் இருந்தேன் ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் இருக்கு. நீங்க எழுதினதெல்லாம் மறுபடி எடுத்துப் படிச்சேன். படிக்கும்போது அங்கிள் குரல்ல வரமாட்டேங்குது. உங்க குரல்ல வருது.” கோப்பையைக் கீழே வைத்தான். “பெறவு ஒண்ணு தோணுச்சு. என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. உங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? பாகான் செராய்ல ஒரு அக்கா. அவ்ளோதான். இது சரியில்லல்ல.”

“சரியில்லதான்.”

“அப்ப ஏதாவது சொல்லுங்க.”

“என்னாத்தச் சொல்றது?”

“எதையாவது. அங்கிள் சொன்ன மாதிரியே ஆரம்பிங்க. கெட்டத முதல்ல.”

பிலோமினா சன்னலைப் பார்த்தாள். மலையை மேகம் முழுங்கியிருந்தது. முந்தானையை இழுத்து மடியில் சேர்த்து வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள்போல இருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“அவரு தவறின அன்னிக்கு, காலையில பதினோரு மணி இருக்கும். கெம்போங் மீனு பொரிச்சிக்கிட்டிருந்தேன். அவரு அறையிலேருந்து ‘பிலோ’ன்னு கூப்பிட்டாரு. சத்தமாக்கூட இல்ல. கடிகாரத்தப் பத்தி ஏதோ கேக்கப் போறாருன்னு நெனச்சேன். ஒரு நாளைக்கு இருவது தடவ கூப்பிடுவாரு, கண்ணு தெரியாத மனுசன். ‘வரேன் இருங்க’ன்னேன். மீனத் திருப்பிப் போட்டேன். ரெண்டாவது தடவ அவரு கூப்பிடல. சரி, கேக்க வந்தது மறந்துபோச்சு போலருக்குன்னு இந்தப் பக்கமும் செவக்கட்டும்னு நின்னேன்.”

உங்கள் தப்பில்லை என்று ரொஹைமி சொல்லவில்லை. இறைவன் எழுதியது என்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்:

“எவ்வளவு நேரம் ஆன்ட்டி?”

“மீனு வேகுற நேரம்,” என்றாள் பிலோமினா.